அப்பா, ஆறு வயது மகன், டக்ஸ்ஃபர்ட் ஏர் ஷோ: ஒரு நாளை எப்படித் திட்டமிடுவது?

கேள்வி: "லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். தாம்பரத்திலிருந்து அப்பா மூன்று மாதம் தங்க வந்திருக்கிறார். வயது 75. இந்திய விமானப்படையில் டக்கோட்டா என்ற போக்குவரத்து விமானங்களுக்கு எஞ்சின் ஃபிட்டராக இருந்தவர். மூட்டு வலி உண்டு. மகனுக்கு ஆறு வயது. விமானம் என்றால் உயிர், ஆனால் குக்கர் விசில் அடித்தாலே காதைப் பொத்திக்கொள்வான். செப்டம்பரில் கேம்பிரிட்ஜ் பக்கம் டக்ஸ்ஃபர்ட் விமான அருங்காட்சியகத்தில் நடக்கும் ஏர் ஷோவுக்கு இரண்டு பேரையும் அழைத்துப் போக ஆசை. நாள் முழுக்கத் தாங்குவார்களா? எத்தனை மணிக்குப் போவது, எங்கே உட்காருவது, என்னென்ன எடுத்துப் போவது?"

தாராளமாக அழைத்துப் போங்கள், தாங்குவார்கள். ஆனால் காலையிலேயே போய்விட வேண்டும். "விமானம் பறக்கப்போவது மதியத்துக்கு மேல்தானே" என்று பன்னிரண்டு மணிக்குப் போய்ச் சேரும் குடும்பங்கள்தான் அதிகம். முதல் தடவை நானும் அப்படித்தான் போனேன். வேலியோரம் முழுக்க ஆட்கள். யாரோ ஒருவருடைய தோளுக்குப் பின்னால் நின்று, வானத்தில் சின்னச் சின்னதாக விமானங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அடுத்த வருடம் கதவு திறக்கும்போதே போய் நின்றேன். பழைய விமானங்களின் ஏர் ஷோவில் பாதி நாள் தரையில்தான் நடக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. உங்கள் அப்பா கையால் எஞ்சின் பிரித்தவர் என்பதால், அவருக்கு முக்கால்வாசியே அங்கேதான் இருக்கும்.

காலையில் பறக்கத் தயாராகும் விமானங்களை ஓடுபாதையோரம் வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். அந்த வரிசைக்குப் பக்கத்தில் நடந்து பார்க்க விடுவதை 'ஃப்ளைட்லைன் வாக்' என்கிறார்கள். சில நிகழ்ச்சிகளில் இதற்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டியிருக்கும், டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். சோபாவும் சாப்பாடும் தரும் விலை உயர்ந்த இருக்கைக்குப் பணம் கொடுக்கலாமா என்று யோசித்தால், வேண்டாம் என்பேன். அந்தப் பணத்தில் சிறு பங்கு இந்த நடைக்குப் போகட்டும்.

அங்கே ஸ்பிட்ஃபயரின், அதாவது இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் போர் விமானத்தின், இறக்கைக்குக் கீழே குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சினைக் குளிரவைக்கும் ரேடியேட்டர் இறக்கையின் அடியில் இருக்கும். தரையில் நிற்கும்போது சக்கரக் கால் அதற்குப் போகும் காற்றில் ஒரு பகுதியை மறைத்துவிடுகிறது. அதனால்தான் ஸ்பிட்ஃபயரை ஸ்டார்ட் செய்தால் அதிக நேரம் தரையில் வைத்திருக்க மாட்டார்கள், சூடேறிவிடும். மூக்கு நீளமாக மேல்நோக்கி நிற்பதால் விமானிக்கு நேரே முன்னால் எதுவும் தெரியாது. இடதும் வலதுமாக வளைந்து வளைந்துதான் ஓடுபாதைக்குப் போவார். பையனிடம் இதை முன்னாலேயே சொல்லி வையுங்கள், "ஏன் தாத்தா பாம்பு மாதிரி போகுது?" என்று அவனே கேட்பான்.

அப்புறம் எஞ்சின் ஸ்டார்ட். எதைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடக் கூடாது. பெரும்பாலான ஸ்பிட்ஃபயர்களில் இருப்பது ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின்: 12 சிலிண்டர், 27 லிட்டர். தீயணைப்புக் கருவியோடு ஒருவர் பக்கத்தில் நிற்பார். ப்ரொப்பெல்லர் மெதுவாக இரண்டு சுற்று சுற்றும், ஒரு இருமல், மறுபடி ஒரு இருமல். இரு பக்கமும் வரிசையாக இருக்கும் எக்ஸாஸ்ட் குழாய்களிலிருந்து வெண்ணீலப் புகை பொங்கும், சில சமயம் கையளவு நெருப்பும் எட்டிப் பார்க்கும். அடுத்த நொடி எல்லா சிலிண்டரும் பிடித்துக்கொண்டு, புகை கலைந்து, அந்தத் தடதடப்பு ஒரே சீரான உறுமலாக மாறிவிடும். எத்தனை தடவை கேட்டிருந்தாலும் எனக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கிறது.

டக்கோட்டா போன்ற ரேடியல் எஞ்சின் (சிலிண்டர்கள் வட்டமாகச் சுற்றி அமைந்த எஞ்சின்) விமானங்கள் வந்திருந்தால், ஸ்டார்ட் செய்யும் முன் ஊழியர்கள் ப்ரொப்பெல்லரைக் கையால் தள்ளிச் சுற்றுவதைப் பார்க்கலாம். கீழ்ப்பக்க சிலிண்டர்களில் எண்ணெய் இறங்கித் தேங்கியிருக்கும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் அதை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். இதை நான் விளக்குவதைவிட உங்கள் அப்பா விளக்குவார். நீங்கள் பையனை அவர் பக்கத்தில் நிற்க வைத்தால் போதும்.

சரி, பையனின் காது. பழைய விமானங்களின் சத்தம் பெரும்பாலும் அடர்த்தியான, தாழ்ந்த ஒலி. குழந்தைகள் பயப்படுவது குறைவு. நவீன போர் விமானம் வந்தால் கதையே வேறு. டைஃபூன் ஜெட் ஆஃப்டர்பர்னர் போட்டு, அதாவது எக்ஸாஸ்டில் கூடுதல் எரிபொருளை எரித்துக் கிளம்பினால் காதில் மட்டுமல்ல, நெஞ்சுக்கூட்டிலும் அதிரும். சிறுவர்களுக்கான இயர் மஃப், தலைக்கு மேல் வளைவாக இருந்து காதை முழுக்க மூடும் வகை, கட்டாயம் வேண்டும். பஞ்சு வைப்பது போதாது. இரண்டு வாரம் முன்பே வாங்கி, வீட்டில் வாக்யூம் கிளீனர் ஓடும்போதும் குக்கர் விசில் வரும்போதும் போட்டுப் பழக்குங்கள். என் மகளுக்கு மைதானத்தில் வைத்து முதன்முதலாக மாட்டினேன். இறுக்குகிறது என்று பிடுங்கிப் போட்டுவிட்டாள், சரியாக அப்போதுதான் ஜெட் வந்தது. அழுகை அடங்க அரை மணி நேரம் ஆயிற்று. அப்பாவுக்கும் ஒன்று வாங்குங்கள். எஞ்சின்களோடு வேலை செய்தவர் என்பதால் வேண்டாம் என்பார், அப்படிப்பட்ட காதுக்குத்தான் அதிகம் தேவை. காது கேட்கும் கருவி போட்டிருந்தால் அது பாதுகாப்பு ஆகாது. என்ன செய்வது என்று கருவி பொருத்தியவரிடமே கேட்டு வையுங்கள்.

நிகழ்ச்சி நிரலில் ஜெட் எப்போது வருகிறது என்று பார்த்து, பத்து நிமிடம் முன்பே பையனோடு பெரிய கட்டடம் ஒன்றுக்குள் போய்விடலாம். நுழைவாயில் பக்கம் இருக்கும் 'ஏர்ஸ்பேஸ்' கூடம் இதற்கு நல்லது. உள்ளே ஒரு கான்கார்ட் நிற்கிறது. வணிகச் சேவைக்கு வராத சோதனை விமானம். பக்கத்தில் எம்11 நெடுஞ்சாலை போடுவதற்காக ஓடுபாதையைக் குறுக்க இருந்த சமயத்தில், அதற்கு முன்பே 1977-இல் பறந்து வந்து இறங்கிவிட்டது.

வெளியே இருந்து பார்ப்பதானால் ஜெட்டைத் தேடும் வித்தையைப் பையனுக்குச் சொல்லிக்கொடுங்கள். சத்தம் வரும் திசையில் பார்த்தால் விமானம் அங்கே இருக்காது. இரண்டு கிலோமீட்டர் தூரத்திலிருந்து ஒலி நம்மிடம் வர ஏறக்குறைய ஆறு நொடி ஆகும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானம் அதற்குள் ஒன்றரை கிலோமீட்டர் தாண்டியிருக்கும். சத்தத்துக்கு முன்னால் தேட வேண்டும். ஒரு முறை பிடிபட்டுவிட்டால் பிறகு உங்களுக்கே காட்டுவான்.

எங்கே உட்காருவது? டக்ஸ்ஃபர்டில் பார்வையாளர்கள் ஓடுபாதைக்கு வடக்கே இருக்கிறார்கள், அதாவது முகம் தெற்குப் பக்கம். பகல் முழுக்க வெயில் கண்ணில்தான். விளிம்பு வைத்த தொப்பியும் கருப்புக் கண்ணாடியும் மூன்று பேருக்கும் வேண்டும். ஃபோனில் எடுக்கும் விமானப் படங்கள் கருப்பு நிழலாகத்தான் வரும். வெயில் மேற்கே சாய்ந்த பிறகு கொஞ்சம் பரவாயில்லை. என்னைக் கேட்டால் படத்தை விட்டுவிட்டு ஒலியைப் பதிவு செய்யுங்கள். நாலைந்து விமானம் சேர்ந்து தாழப் பறந்து போகும் ஒலி, வீட்டில் ஒரு நல்ல ஸ்பீக்கரில் கேட்டால், படத்தைவிட அதிகமாக அந்த நாளைத் திரும்பக் கொண்டுவரும்.

காற்று அங்கே பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும். அப்படியானால் விமானங்கள் கிழக்கே எம்11 பக்கத்திலிருந்து ஓடத் தொடங்கி மேற்கு நோக்கி எழும்பும். நடுவே இடம் பிடித்தால் சாகசங்கள் நேரெதிரே நடக்கும். ஆனால் உங்களுக்கு நடுவைவிடக் கழிப்பறைக்கு அருகே, கட்டடத்துக்குப் போக எளிதாக ஓரிடம் நல்லது. முதுகு சாயும் மடக்கு நாற்காலி அப்பாவுக்குக் கட்டாயம். வளாகம் நீளமானது, ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடப்பதற்குள் மூட்டு கெஞ்சும். சக்கர நாற்காலி உதவி கிடைக்குமா என்று முன்னாலேயே விசாரியுங்கள். கூச்சப்பட்டால், திரும்பும்போது மட்டும் என்று சொல்லிப் பாருங்கள்.

வளாகத்தில் நுழைவாயிலுக்கு மறுகோடியில் இருப்பது அமெரிக்க விமானக் கூடம். நார்மன் ஃபோஸ்டர் வடிவமைத்து 1997-இல் திறந்தது. பி-52 குண்டுவீச்சு விமானம் உள்ளே அடங்க வேண்டும் என்பதை வைத்தே கட்டடத்தின் அளவைத் தீர்மானித்தார்கள். உங்கள் அப்பாவுக்கு முக்கியம் அதுவல்ல. அங்கே ஒரு சி-47 இருக்கிறது, டக்கோட்டாவின் அமெரிக்கப் பெயர். அன்று வானத்தில் டக்கோட்டா பறக்காவிட்டாலும் இது நிச்சயம். காலை நடை முடிந்ததும், கால் ஓயும் முன்பே, நேராக அங்கே அழைத்துப் போங்கள். காஷ்மீர் போரில் 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் சீக்கியப் படையினரை இறக்கியது டக்கோட்டாதான். இந்திய விமானப்படையின் 'பரசுராமா' டக்கோட்டாவும் இங்கே பிரிட்டனில் புதுப்பிக்கப்பட்டு, 2018-இல் இந்தியாவுக்குப் பறந்து போனதுதான். அவருக்குச் சொல்ல நிறைய இருக்கும், அவசரப்படுத்தாதீர்கள்.

இந்த மைதானத்துக்கும் நம் ஊருக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. முதல் ஸ்பிட்ஃபயர் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்தது 1938 ஆகஸ்டில் டக்ஸ்ஃபர்டில்தான் என்பது பலருக்குத் தெரியும். 1940 மே மாதத்தில், டன்கர்க் வெளியேற்றம் நடந்தபோது, இங்கே தளம் அமைத்திருந்தது 264-ஆவது ஸ்குவாட்ரன் என்ற விமானப்படைப் பிரிவு. விமானிக்குப் பின்னால் சுழலும் துப்பாக்கிக் கூண்டு வைத்த டிஃபையன்ட் விமானங்கள் அவர்களுடையவை. போர்க்காலத்தில் மெட்ராஸ் மாகாணத்திலிருந்து விமானங்களுக்காகப் பணம் திரட்டி அனுப்பினார்கள். அதற்கு நன்றியாக அந்த ஸ்குவாட்ரனின் பெயரோடு 'மெட்ராஸ் பிரெசிடென்சி' சேர்ந்தது. தாம்பரத்திலிருந்து வந்தவர் இதை அந்தப் புல்தரையில் நின்று கேட்பது நன்றாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. குறிப்பிட்ட ஒரு விமானத்தை நம்பிப் போகாதீர்கள். லங்காஸ்டர் என்ற போர்க்காலக் குண்டுவீச்சு விமானத்தில் உலகில் பறக்கும் நிலையில் இருப்பவை இரண்டே இரண்டு, ஒன்று பிரிட்டனில், ஒன்று கனடாவில். நிரலில் அதன் பெயர் இருந்தாலும் பக்கக் காற்று அதிகமானால் வராது. வால் சக்கரம் வைத்த பழைய விமானங்களுக்கு மழையைவிடக் காற்றுதான் பெரிய எதிரி. மேகம் தாழ இருந்தால் பிரிட்டிஷ் விமானப்படையின் சாகசக் குழுவான ரெட் ஏரோஸ்கூட உயர வளையங்களை விட்டுவிட்டுத் தட்டையான நிகழ்ச்சிக்கு மாறிவிடும். "லங்காஸ்டர் வரும்" என்று பையனிடம் சத்தியம் செய்து வைக்காதீர்கள். "என்ன வருதோ பார்க்கலாம்" என்பது போதும்.

எடுத்துப் போக வேண்டியவற்றில் முதலிடம் ஸ்வெட்டருக்கு. திறந்த வெளி, காற்றுத் தடை கிடையாது. வெயில் அடித்தாலும் நாலு மணிக்கு மேல் அப்பாவுக்குக் குளிரும். சால்வையும் ஒன்று இருக்கட்டும். தண்ணீர், பிளாஸ்க்கில் டீ, புளியோதரை அல்லது எலுமிச்சை சாதம். சாப்பாடு கொண்டுபோகலாம், கடை வரிசையில் முக்கால் மணி நேரம் நிற்பது மிச்சம். பறப்பது தொடங்கும் முன்பே சாப்பிட்டு, கழிப்பறைக்கும் போய் வந்துவிடுங்கள். அப்பாவின் மாத்திரைகளைக் காரில் விட்டுவிடாதீர்கள், பார்க்கிங் தூரம். டிக்கெட்டை முன்பதிவு செய்யாமல் கிளம்பவே வேண்டாம். ஹாரோவிலிருந்து எம்25, எம்11 வழியாக, பத்தாவது சந்திப்பில் இறங்க வேண்டும். ரயிலில் போனால் விட்டில்ஸ்ஃபர்ட் பார்க்வே நிலையம், ஆனால் அங்கிருந்து மைதானம் அப்பா நடக்கும் தூரம் அல்ல. கார்தான் உங்களுக்குச் சரி.

கூட்டம் வேண்டாம் என்று அப்பா சொன்னால் மாற்று ஒன்று இருக்கிறது. பெட்ஃபர்ட்ஷயரில் ஓல்டு வார்டன் என்ற கிராமத்தில் ஷட்டில்வொர்த் சேகரிப்பு. சின்னப் புல்வெளி ஓடுபாதை, ஜெட் சத்தம் அபூர்வம். 1909-இல் செய்த பிளேரியோ விமானம் ஒன்று அங்கே இருக்கிறது. காற்றே இல்லாத மாலையில் மட்டும் தரையிலிருந்து கொஞ்சம் எழும்பி இறங்கும். முதல் உலகப் போர்க்கால விமானங்கள் சிலவற்றில் ப்ரொப்பெல்லரோடு சேர்ந்து எஞ்சினே சுற்றும். அதற்கு ஊற்றுவது விளக்கெண்ணெய், பெட்ரோலோடு அது எளிதில் கலக்காது என்பதால். எரியாத எண்ணெய் எக்ஸாஸ்டில் தெறித்து வெளியே வரும். அங்கே காற்றில் வந்த அந்த வாசனை எனக்கு என் பாட்டி வீட்டு அலமாரியை ஞாபகப்படுத்தியது. உங்கள் அப்பாவும் கண்டுபிடித்துவிடுவார்.

கடைசியாக, கிளம்பும் நேரம். நிகழ்ச்சி முடிந்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் காரை எடுப்பார்கள், வாசலைத் தாண்டவே ஒரு மணி நேரம் ஆகலாம். காரில் உட்கார்ந்து வெந்துபோவதைவிட, மைதானத்திலேயே டீயைத் திறந்துகொண்டு உட்காருங்கள். கூட்டம் குறைந்ததும் வேலியோரம் போங்கள். இறங்கிய விமானங்களை டிராக்டரில் கட்டி ஹேங்கருக்கு இழுத்துப் போவார்கள், ஊழியர்கள் கந்தல் துணியால் எஞ்சின் மூடியில் வழிந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களில் பலர் தன்னார்வலர்கள், பேச்சுக் கொடுத்தால் மகிழ்ச்சியாகப் பேசுவார்கள். "இவர் இந்தியாவில் டக்கோட்டா ஃபிட்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு நீங்கள் இரண்டடி தள்ளி நில்லுங்கள்.