பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10 பாதியில் நிற்கிறது, அடுத்த தடவை டிஸ்க்கே தெரியவில்லை. என்ன செய்வது?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதானே: ரங்கூனில் உங்கள் கோயில் தமிழ் வகுப்புக்கு ஒருவர் கோர் 2 டுவோ என்ற பழைய இன்டெல் சிப் உள்ள டெஸ்க்டாப் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். 2 ஜிபி ராம் (தற்காலிக நினைவகம்). பென்டிரைவிலிருந்து விண்டோஸ் 10 போட்டால் ஒரு தடவை 40 சதவீதத்தில் நிற்கிறது, இன்னொரு தடவை 70இல் நிற்கிறது. நடுவில் ஒரு தடவை கரண்ட் போய் வந்த பிறகு ஹார்டு டிஸ்க்கே தெரியவில்லை. வேறு ஐஎஸ்ஓ (விண்டோஸை நிறுவ இறக்கும் ஃபைல்) இறக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம். இங்கே இருக்கும் கரண்டுக்கும் இணையத்துக்கும் இன்னொரு நாலைந்து ஜிபி இறக்குவது வீண் அலைச்சல். எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள், குற்றவாளி யார் என்று அதுவே பாதி சொல்லிவிடும்.

சதவீதம் ஓடும் அந்த நேரத்தில் மூன்று சாமான்கள் வேலை செய்கின்றன. பென்டிரைவில் சுருக்கி வைத்த ஒரு பெரிய ஃபைலைக் கம்ப்யூட்டர் படிக்கிறது, ராமில் வைத்து விரிக்கிறது, ஹார்டு டிஸ்க்கில் எழுதுகிறது. எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் முதலில் அந்த ஃபைலையோ பென்டிரைவையோ சந்தேகப்படலாம். உங்களுக்கு ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நிற்கிறது. அப்படியானால் என் முதல் சந்தேகம் ராம் மேல்தான்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்சக் கரண்டை வெளியேற்றிய பிறகு பெட்டியைத் திறங்கள். ராமின் இரு முனையிலும் இருக்கும் கிளிப்பை வெளிப்பக்கம் தள்ளினால் அது தானாக எழும்பும். அடிவிளிம்பில் வரிசையாக இருக்கும் தங்க நிறப் பட்டைகளை வெளிச்சத்தில் பாருங்கள். மே முதல் அக்டோபர் வரை மழையிலேயே ஊறும் ஊரில் பல வருஷம் இருந்த ராம் என்றால் அவை மங்கிப் போயிருக்கலாம். பிள்ளைகள் பென்சிலுக்கு வைத்திருக்கும் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதாமல் பிரஷால் தட்டிவிடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் சேரும். ஸ்லாட்டில் திரும்ப வைக்கும்போது இரு பக்கமும் ‘டக்’ என்று பிடிக்க வேண்டும்.

அப்புறம் மெம்டெஸ்ட்86+ என்ற இலவச ராம் சோதனையைப் பென்டிரைவில் போட்டு ஓட விடுங்கள். பழைய மெஷின், நேரம் எடுக்கும். கரண்ட் நிலையாக இருக்கும் வேளை பார்த்துத் தொடங்குங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அதைச் சின்ன விஷயமாக விடாதீர்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகத் தனியே வைத்துச் சோதித்தால் கெட்டது எது என்று தெரிந்துவிடும். மாற்று வாங்கும்போது மதர்போர்டில் போடும் ராம் வகை டிடிஆர்2வா டிடிஆர்3யா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஒன்று இன்னொன்றின் ஸ்லாட்டில் நுழையாது.

டிஸ்க் காணாமல் போனது வேறு கதையாக இருக்கலாம். போர்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவில் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி இருக்கும். அது செத்துப்போனால், கரண்ட் போகும்போதெல்லாம் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடி மெஷினைத் தொடங்கும் போர்டின் புரோகிராம்) அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கரண்ட் அடிக்கடி போகும் நம் ஊரில் இது பெரிய தொல்லை. அதில் ஹார்டு டிஸ்க் இணைப்புக்கான சாட்டா மோடு ‘ரெய்டு’ என்று மாறிவிட்டால், அதற்கான டிரைவர் இல்லாத இன்ஸ்டாலர் டிஸ்க்கைக் காட்டாது. பயாஸில் தேதியைப் பாருங்கள். பல வருஷம் பின்னால் போயிருந்தால் பேட்டரியை மாற்றிவிட்டு, மோடை ‘ஏஎச்சிஐ’ என்று வையுங்கள். அது இல்லாத போர்டில் ‘ஐடிஈ’ போதும். பயாஸிலேயே டிஸ்க்கின் பெயர் வராவிட்டால் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். பயாஸ் அப்டேட் மட்டும் செய்யாதீர்கள், தயவுசெய்து. அது பாதியில் இருக்கும்போது கரண்ட் போனால் போர்டே போய்விடும்.

ரூஃபஸ் என்ற புரோகிராமில் நிறுவும் பென்டிரைவ் தயாரிக்கும்போது ‘எம்பிஆர்’, ‘பயாஸ்’ இரண்டையும் தேர்ந்தெடுங்கள். கோர் 2 டுவோ காலத்துப் போர்டுகளில் பயாஸுக்குப் பின் வந்த யூஈஎஃப்ஐ பெரும்பாலும் கிடையாது.

இதெல்லாம் சரியான பிறகும் விண்டோஸ் 10தான் வேண்டுமா என்று யோசியுங்கள். அதற்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், அதைத் தாண்டிப் போனாலும் 24எச்2 பதிப்பு கோர் 2 டுவோவில் பூட்டே ஆகாது, அது கேட்கும் கட்டளைகள் அந்தச் சிப்பில் இல்லை. பிள்ளைகள் உட்காரும் மெஷின் என்பதால் நான் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலவச, இலகுவான இயங்குதளத்தைப் போடச் சொல்வேன். அதற்குக் குறைந்தது 2 ஜிபி ராம் வேண்டும், 4 ஜிபி இருந்தால் நல்லது, பிரவுசர் திறந்தால் வித்தியாசம் தெரியும். செலவழிக்கக் கொஞ்சம் காசு இருந்தால் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகச் சின்ன எஸ்எஸ்டி ஒன்று வாங்குங்கள். பென்டிரைவிலிருந்து நிறுவாமலே மின்ட்டை ஓட்டலாம். அதில் ‘டிஸ்க்ஸ்’ என்ற புரோகிராமைத் திறந்து ஸ்மார்ட் (டிஸ்க்கின் உடல்நிலை) விவரத்தில் ‘பெண்டிங் செக்டர்’, அதாவது படிக்க முடியாமல் சந்தேகத்தில் இருக்கும் பகுதிகளின், எண்ணிக்கையைப் பாருங்கள். அது ஏறிக்கொண்டே போனால் அந்த ஹார்டு டிஸ்க்கை நம்பி வகுப்புப் பாடங்களை வைக்காதீர்கள்.

மின்ட்டின் கீபோர்டு அமைப்பில் தமிழுக்குத் தமிழ்99 என்ற விசை அமைப்பு இருக்கிறது. பர்மியத்துக்கு இரண்டு காட்டும். ‘ஸோஜி’ என்று போட்டது யூனிகோடோடு ஒத்துப்போகாத பழைய பர்மிய எழுத்துமுறை, அதை விட்டுவிட்டு யூனிகோடு முறையான மற்றதை எடுங்கள். 2019 அக்டோபரில் நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது, பிள்ளைகள் பள்ளியில் எழுதுவதோடு அப்போதுதான் ஒத்துப்போகும்.

மெம்டெஸ்ட் முடிவையும் பயாஸில் இருந்த தேதியையும் கீழே எழுதுங்கள் தம்பி, அதை வைத்து மேற்கொண்டு பார்ப்போம்.