டொமைனிலிருந்து கம்ப்யூட்டரை விலக்கினால் ஃபைல்கள் போய்விடுமா?

ஆபீஸ் சர்வரை நிறுத்தப் போகிறோம், விண்டோஸ் கம்ப்யூட்டர்களை டொமைனிலிருந்து (எல்லா அக்கவுண்டுகளையும் சர்வரே நிர்வகிக்கும் அமைப்பு) வொர்க்குரூப்புக்கு (ஒவ்வொரு மெஷினும் தன் அக்கவுண்டுகளைத் தானே வைத்திருக்கும் அமைப்பு) மாற்றினால் டெஸ்க்டாப்பில் இருப்பதெல்லாம் அழிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அழியாது, ஆனால் அழிந்த மாதிரி தெரியும். விண்டோஸ் ஆளை அடையாளம் காண்பது பெயரை வைத்து அல்ல, எஸ்ஐடி என்ற நீளமான எண்ணை வைத்து. அதனால் அதே பெயரில் லோக்கல் அக்கவுண்ட் (அந்த மெஷினில் மட்டும் இருக்கும் அக்கவுண்ட்) உருவாக்கினாலும் காலியான புது ப்ரொஃபைல்தான், அதாவது புது டெஸ்க்டாப்பும் ஃபோல்டர்களும்தான், திறக்கும், பழையது சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் அப்படியே கிடக்கும். அதை அட்மின் அக்கவுண்டில் நுழைந்து காப்பி செய்யலாம், அல்லது ஃபோரன்சிட் யூசர் ப்ரொஃபைல் விசார்டு என்ற மென்பொருள் மூலம் புது அக்கவுண்டோடு இணைத்துவிடலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், வால்பேப்பர்கூட மாறாது.

விலக்குவதற்கு முன் லோக்கல் அட்மின் அக்கவுண்டில் ஒருமுறை லாகின் செய்து பாருங்கள். பாஸ்வேர்டு தெரியாமல் விலக்கிவிட்டால் ரீஸ்டார்ட் ஆனதும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

அப்புறம், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்டீஸில் லொகேஷன் என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே சர்வரின் பெயர் இருந்தால் ஃபைல்கள் இந்த மெஷினிலேயே இல்லை என்று அர்த்தம், சர்வரை அணைப்பதற்கு முன் கொண்டுவந்துவிடுங்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் பழைய அக்கவுண்டோடு பூட்டப்பட்டவை, வெறும் காப்பியில் வராது, முதலிலேயே எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள். டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருந்தால், அதைத் திறக்க உதவும் ரெகவரி கீயையும் தாளில் எழுதி வையுங்கள். சரி, ஒரு மெஷினை மட்டும் முதலில் மாற்றி, அதில் வேலை செய்பவரையே இரண்டு நாள் பயன்படுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.