ஜார்ஜ் இன்னோட மாடி வராண்டா – கடிதம்

வணக்கம் சார்,

லண்டன் சதர்க்ல இருக்குற ஜார்ஜ் இன்ங்கிற பழைய சத்திரத்தப் பத்தி நீங்க எழுதினத படிச்சேன். மகள் வீட்டுக்குப் போயிருந்தப்போ நானும் அங்க போனேன். ரெண்டு கேள்வி. அவ்வளவு குளிர்ற ஊர்ல, ரூமுக்குப் போற வழிய ஏன் திறந்த வராண்டாவா வெளிப்பக்கம் வச்சாங்க? ஷேக்ஸ்பியர் அங்க உக்காந்து குடிச்சார்னு கூட வந்தவங்க சொன்னாங்க, நிஜமா?

– க.

அன்புள்ள க.,

ஷேக்ஸ்பியர் விஷயத்த முதல்ல சொல்லிடறேன். அவர் காலத்துலயே அந்த இடத்துல ஒரு சத்திரம் இருந்துச்சு, அவரோட நாடகங்க நடந்த குளோப் தியேட்டரும் நடக்குற தூரம்தான், அதனால வந்திருக்கலாம். ஆனா நீங்க பாத்த கட்டடத்துக்குள்ள அவர் கால் வச்சிருக்க முடியாது. 1676ல சதர்க்ல பெரிய தீ விபத்து, பழைய சத்திரம் எரிஞ்சு போச்சு, இப்ப நிக்கிறது 1677ல கட்டினது. அவர் இறந்தது 1616ல.

வராண்டா கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1750ல வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் திறக்குற வரைக்கும் நகரத்துக்குள்ள தேம்ஸ தாண்டுறதுக்கு லண்டன் பாலம் ஒண்ணுதான், அதனால தென்கிழக்குல கேன்டர்பரி, டோவர் பக்கம் போறவங்க வர்றவங்க எல்லாருக்கும் ஜார்ஜ் இருக்குற பரோ ஹை ஸ்ட்ரீட்தான் வழி, அங்க வரிசையா சத்திரங்க. தெருப்பக்கம் இடம் கொஞ்சம்தான், உள்ள போகப் போக நீளம். ஒரு வாசல் வழியா வண்டி குதிரையோட முற்றத்துக்குள்ள வந்துடும், முற்றத்த சுத்தி ரூம்கள். வெளிச்சமும் காத்தும் முற்றத்துப் பக்கம் இருந்துதான் வரணும். நடைபாதைய உள்ள வச்சா ரூம் சின்னதாயிடும், வைக்காம விட்டா ஒருத்தர் ரூமுக்குள்ள பூந்துதான் அடுத்தவர் ரூமுக்குப் போகணும், அந்தக் காலத்து இங்கிலீஷ் வீடுகள்ல அது சர்வசாதாரணம், ஆனா முன்பின் தெரியாதவங்க தங்குற இடத்துல சரிப்படுமா? அதனால மரத்துல வராண்டா கட்டி வெளிப்பக்கமா தொங்க விட்டாங்க, படியேறி நேரா அவங்கவங்க கதவுக்குப் போயிடலாம். அங்கேயே நின்னு கீழ நம்ம பெட்டிய வண்டில ஏத்துறாங்களான்னும் பாத்துக்கலாம். கொஞ்சம் குளிரும்தான், ஆனா அந்த இடத்துக்கு இதவிட நல்ல பிளான் எனக்குத் தோணல.

இந்த மாதிரி முற்றங்கள்ல நாடகமும் நடந்திருக்கு, லண்டன்ல புல், பெல் சாவேஜ் மாதிரி சத்திரங்கள்ல ஷேக்ஸ்பியருக்கு முன்னாடியே போட்டிருக்காங்க. அவர் பேர இழுக்கணும்னா இந்த வழியா இழுக்கலாம்.

ஒரு விஷயம் உங்க கடிதத்துல இல்ல, ஆனா சொல்லாம இருக்க முடியல. நீங்க பாத்தது முழு ஜார்ஜ் இல்ல. 1836ல லண்டன் பிரிட்ஜ் ஸ்டேஷனுக்கு ரயில் வந்துச்சு, குதிரை பூட்டின கோச் வண்டி தொழில் படுத்துடுச்சு. அப்புறம் இடத்த வாங்கின கிரேட் நார்தர்ன் ரயில்வே 1889ல வடக்குப் பக்கத்தையும் நடுப்பக்கத்தையும் இடிச்சுட்டாங்க, தெற்குப் பக்கம் மட்டும் தப்பிச்சுது. பக்கத்துலயே இருந்த டாபர்ட் சத்திரம், கவிஞர் சாசர் எழுதின ‘கேன்டர்பரி கதைகள்’ல யாத்திரிகர்கள் கிளம்பின இடம், அது அதுக்கும் முன்னாடியே போச்சு. லண்டன்ல வராண்டா வச்ச கோச் சத்திரம் இன்னைக்கு இது ஒண்ணுதான், 1937ல இருந்து பழைய கட்டடங்களப் பாதுகாக்குற நேஷனல் டிரஸ்ட் கையில இருக்கு. மத்ததுங்கள நினைச்சா எனக்கு இன்னும் வயிறு எரியுது.

அடுத்த தடவ போறப்போ வராண்டாவுக்கு முதுகு காட்டி நின்னு எதிர்ப்பக்கம் பாருங்க. அங்கேயும் இதே மாதிரி ஆளுங்க கைப்பிடில சாஞ்சு வண்டிக்குக் காத்துட்டு நின்னிருக்காங்க.