மூன்றாம் வகுப்பில் கப் ஸ்கவுட்டில் சேர்ந்தால் விட்டுப்போன படிகளை முடிக்க வேண்டுமா?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் டெக்சாஸில் வசிக்கிறோம். மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகன் இந்த ஆண்டுதான் சிறு பிள்ளைகளுக்கான சாரணர் அமைப்பான கப் ஸ்கவுட்டில் சேர்ந்திருக்கிறான். முதல் வகுப்பிலேயே சேர்ந்த அவனுடைய நண்பனின் சட்டையில் டைகர், உல்ஃப் பேட்ஜ்கள் இருக்கின்றன. என் மகனும் முதலில் அவற்றை முடிக்க வேண்டுமா? தாமதமாகச் சேர்ந்ததால், பின்னாளில் சாரணரின் மிக உயர்ந்த படியான ஈகிள் ஸ்கவுட் ஆகும் வாய்ப்பு குறைந்துவிடுமா?

பதில்: டைகரையும் உல்ஃபையும் அவன் முடிக்க வேண்டியதில்லை. நீங்களே விரும்பினாலும் விதி அதை அனுமதிக்காது. ஈகிள் வாய்ப்பும் சிறிதும் குறையவில்லை.

கப் ஸ்கவுட் படிகள் பள்ளி வகுப்பை ஒட்டியே செல்கின்றன. கிண்டர்கார்டன் பிள்ளைக்கு லயன், முதல் வகுப்புக்கு டைகர், இரண்டாம் வகுப்புக்கு உல்ஃப், மூன்றாம் வகுப்புக்குக் கரடிப் படி, நான்காம் வகுப்புக்கு வெபிலோஸ், ஐந்தாம் வகுப்புக்கு ஆரோ ஆஃப் லைட். உங்கள் மகன் நேரடியாகக் கரடிப் படியில் தொடங்குவான். பள்ளி ஆண்டு முடிந்ததும், அந்தப் படியை முடித்திருந்தாலும் முடிக்காவிட்டாலும், எல்லோரோடும் வெபிலோஸுக்குப் போய்விடுவான். நண்பனின் சட்டையில் கூடுதலாக இருக்கும் பேட்ஜ்கள் அவன் முன்பே சேர்ந்தான் என்பதை மட்டுமே காட்டுகின்றன. இதை உங்கள் மகனிடம் இன்றே சொல்லிவிடுங்கள். எட்டு வயதில் பின்தங்கிவிட்டோம் என்ற எண்ணம் ஒரு பிள்ளைக்கு வரவே கூடாது.

கரடிப் படிக்கு, அட்வென்சர் எனப்படும் செயல்தொகுப்புகளில் கட்டாயமான ஆறையும், விருப்பப்படி தேர்ந்தெடுக்கும் இரண்டையும் முடிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இடைவாரில் கோத்துக்கொள்ளும் ஒரு வளையம் கிடைக்கும். கட்டாயமானவற்றில் முதலாவது பாப்கேட். சாரணர் உறுதிமொழி, சாரணர் நெறி, வணக்கம், கைகுலுக்கும் முறை எல்லாம் இதில் அடங்கும். 2024ஆம் ஆண்டின் மாற்றத்துக்கு முன்பு பாப்கேட் என்பது புதிதாகச் சேரும் எல்லாப் பிள்ளைகளும் முதலில் பெற வேண்டிய தனி பேட்ஜாக இருந்தது. பழைய கையேட்டை வைத்திருக்கும் பெற்றோர் இன்றும் அப்படித்தான் சொல்வார்கள். இப்போது அது ஒவ்வொரு படிக்குள்ளும் இடம்பெறும் ஓர் அட்வென்சர்.

ஒரு செயல் முடிந்தது என்று எதைக் கொண்டு தீர்மானிப்பது? இந்த இடத்தில்தான் நம் வீடுகளில் சிக்கல் வருகிறது. கப் ஸ்கவுட்டின் குறிக்கோள், உன்னால் இயன்றதை முழுமையாகச் செய் என்பது. உறுதிமொழியை நடுவில் தடுமாறிச் சொன்னாலும், பிள்ளை மனமார முயன்றிருந்தால் அது முடிந்ததாகவே கணக்கு. ஒப்பிக்கச் சொல்லி, பிழை கண்டு, மறுபடி முதலிலிருந்து சொல்லவைக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து இங்கே கொண்டுவராதீர்கள். அதைவிடக் கெடுதல், கைவேலையை நாமே அழகாகச் செய்து பிள்ளையிடம் கொடுப்பது. ஆணி கோணலாக இருந்தாலும் அடித்தது அவனுடைய கையாக இருக்கட்டும்.

ஐந்தாம் வகுப்பு முடிந்தபின் வரும் ட்ரூப், அதாவது பெரிய பிள்ளைகளின் சாரணர் குழு, முற்றிலும் வேறு ஏற்பாடு. 11 வயதானவர்கள் அதில் சேரலாம். 10 வயதாகி, ஐந்தாம் வகுப்பையோ ஆரோ ஆஃப் லைட்டையோ முடித்தவர்களும் சேரலாம். கப் ஸ்கவுட்டில் இருந்திராத பிள்ளையும் அங்கே முதல் படியில்தான் தொடங்குவான். உங்கள் மகனும் அவனுடைய நண்பனும் அப்படியே. ஸ்கவுட், டெண்டர்ஃபுட், செகண்ட் கிளாஸ், ஃபர்ஸ்ட் கிளாஸ், ஸ்டார், லைஃப், ஈகிள் என்று ஏழு படிகள். இங்கே வகுப்பு மாறினால் படி தானாக மாறாது. குறிப்பிட்டதைச் செய்து காட்டினால்தான் கையெழுத்து. அதுவும் ட்ரூப்பின் தலைவரான ஸ்கவுட் மாஸ்டரோ அவர் நியமித்தவரோ போடுவது. கப் ஸ்கவுட்டில் இருந்ததுபோல அம்மாவோ அப்பாவோ போட முடியாது. சில பெற்றோருக்கு இது வருத்தம் தருகிறது. ஆனால் ஒரு சிறுவன் பெரியவர் ஒருவரை அணுகித் தானே பேசக் கற்றுக்கொள்வது இந்த ஏற்பாட்டால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஈகிளுக்கான காலக்கணக்கை அறிந்துவைத்திருப்பது நல்லது. முதல் நான்கு படிகளில், உடற்பயிற்சிக்கென ஒதுக்கிய சில வாரங்களைத் தவிர, குறைந்தபட்சக் காலம் எதுவுமில்லை. ஃபர்ஸ்ட் கிளாஸிலிருந்து ஸ்டாருக்கு 4 மாதங்கள், ஸ்டாரிலிருந்து லைஃபுக்கு 6, லைஃபிலிருந்து ஈகிளுக்கு 6, ஆக 16 மாதங்களைக் குறைக்க வழியே இல்லை. ஒவ்வொரு துறையிலும் தேர்ச்சி காட்டிப் பெறும் மெரிட் பேட்ஜ்கள் மொத்தம் 21 வேண்டும். அவற்றில் பல கட்டாயமானவை. கடைசி நேரத்தில் பிள்ளைகளைத் திணறவைப்பவை பர்சனல் மேனேஜ்மென்ட், பர்சனல் ஃபிட்னஸ், ஃபேமிலி லைஃப் ஆகியவை. மூன்றுக்கும் ஏறத்தாழ மூன்று மாதப் பதிவேடு தேவை, ஒரே வாரத்தில் எழுதி முடிக்க முடியாது. பள்ளிக்கோ வழிபாட்டுத் தலத்துக்கோ ஊருக்கோ பயன்படும் ஒரு சேவைத் திட்டத்தையும் அவன் முன்னின்று நடத்த வேண்டும். அதற்கான ஒப்புதலை வேலை தொடங்குவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். இறுதி நேர்காணல் தவிர மற்ற அனைத்தும் 18ஆவது பிறந்தநாளுக்குள் முடிய வேண்டும் என்பதால், பதினேழரை வயதுக்குள் லைஃபை எட்டியிருப்பது அவசியம். உங்கள் மகனுக்கு இன்னும் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் இருக்கின்றன. கல்லூரி விண்ணப்பத்தை நினைத்து அவசரப்படுத்த எந்தக் காரணமும் இல்லை.

இந்த மாதம் நீங்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. பாப்கேட்டின் ஒரு பகுதியாக, பிள்ளைகளைத் தவறான நடத்தையிலிருந்து காப்பது பற்றிய சிறு கையேட்டின் பயிற்சிகளைப் பெற்றோர் வீட்டில் பிள்ளையுடன் செய்ய வேண்டும். டென் எனப்படும் அவனுடைய சிறு குழுவின் தலைவர் செய்துவிடுவார் என்று இதை விட்டுவிடாதீர்கள். இன்னொன்று, ஃபெலோஷிப் என்ற கட்டாய அட்வென்சர். குடும்பத்தின் சமய மரபையும் பண்டிகைகளையும் பற்றிப் பிள்ளையுடன் பேசுவது அதில் வருகிறது. அதை உங்கள் வீட்டுப் பண்டிகைகளைக் கொண்டே, தமிழிலேயே பேசி முடித்துவிடலாம். நீங்கள் இந்துக் குடும்பம் என்றால் கப் ஸ்கவுட் பிள்ளைகளுக்கெனத் தர்மா என்ற சமயச் சின்னமும் இருக்கிறது. படி உயர அது கட்டாயமில்லை. அவனுக்கு விருப்பம் இருந்தால் டென் தலைவரிடம் கேளுங்கள்.