இல்லாத குறளும் எழுதாத கட்டுரையும்

மதிப்பிற்குரிய ஐயா,

படிவம் ஐந்தில் படிக்கும் என் மகன் தமிழ்க் கட்டுரைகளைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எழுதி வாங்கி, தன் கையெழுத்தில் படியெடுத்துக் கொடுக்கிறான். கண்டித்தால், "நீங்களும்தானே இரத்தப் பரிசோதனை அறிக்கையை அதில் காட்டி விளக்கம் கேட்டீர்கள்?" என்கிறான். தடுத்துவிடலாமா?

ஒரு தாய், பட்டர்வொர்த்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகனின் கேள்வி நியாயமானது. ஆனால், நீங்கள் புரிந்துகொள்வதற்காகக் கேட்டீர்கள். அவன் யோசிக்கும் சிரமத்தைத் தவிர்க்கக் கேட்கிறான். எழுதும்போது ஏற்படும் திணறலில்தான் அவனுக்குச் சொந்தச் சொல் வாய்க்கும். பள்ளியிறுதியில் வரும் எஸ்.பி.எம். தேர்வு மண்டபத்தில் அந்தச் சொல் மட்டுமே அவனுக்குத் துணை.

சென்ற மாதம் ஜார்ஜ் டவுனில் என் வீட்டிலிருந்தபடி, காலத்தின் அருமை குறித்து ஒரு குறள் தரும்படி அத்தகைய செயலி ஒன்றைக் கேட்டேன். அதிகாரப் பெயரோடு இரண்டு அடிகளைத் தயக்கமின்றித் தந்தது. முதலடியில் நான்கும் இரண்டாமடியில் மூன்றுமாக ஏழு சீர் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்பது இருந்தன. காலமறிதல் அதிகாரத்தில், 481 முதல் 490 வரை, அப்படியொரு குறளே இல்லை. இச்செயலிகள் அடிப்படையில், ஏராளமான எழுத்துகளைக் கொண்டு பயிற்றப்பட்டு, எந்தச் சொல்லுக்குப்பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்தே விடையைக் கோக்கின்றன. ஆகவே குறளைப் போன்ற ஒன்றை ஆக்குவதும் உண்மையான குறளைத் தருவதும் அவற்றுக்கு ஒரே வேலைதான். ஆங்கிலத்தைவிடத் தமிழில் பயிற்சிக்குக் கிடைக்கும் எழுத்து மிகக் குறைவு என்பதால் நாம் கூடுதல் கவனத்தோடு இருக்கவேண்டும்.

பெரியவர்களும் இதில் ஏமாந்திருக்கிறார்கள். சாட்ஜிபிடி புனைந்த தீர்ப்புகளை நியூயார்க் நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டியதற்காக, 2023இல் வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அவ்வழக்குகள் உண்மையா என்று அதனிடமே கேட்டபோது, உண்மை என்றே அது சொல்லியிருந்தது.

எனவே தடுக்கவேண்டாம், வரிசையை மாற்றுங்கள். முதல் வரைவை அவன் தானே எழுதட்டும். பிறகு, "என் வாதம் எங்கே தளர்கிறது? என்னைக் கேள்வி கேள்" என்று செயலியிடம் கேட்கட்டும். அது தரும் மேற்கோளை மூலநூலில் பார்த்த பிறகே சேர்க்கட்டும்.

உங்கள் அறிக்கையில் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் மறைத்துவிடுங்கள். நம் மலேசிய அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்களே பிறந்த தேதியைக் காட்டிவிடும். கிடைத்த விளக்கத்தை மருத்துவரிடம் கேட்கவேண்டிய கேள்விகளாக மாற்றி எடுத்துச் செல்லுங்கள்.

எனக்குக் கிடைத்த அந்தப் போலிக் குறளைத் தனி மின்னஞ்சலில் அனுப்புகிறேன். விடையைச் சொல்லாமல் மகனிடம் கொடுத்து, அது எங்கே பிழைபடுகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.