ரைஃபிளின் குழல் முனையில் எதை மாட்டுவது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தண்டையார்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன், ஐயா. என் தம்பி பல வருடங்களாக டெக்சாஸில் இருக்கிறான். அந்நாட்டுக் குடியுரிமையும் வாங்கிவிட்டான். இப்போது ஏ.ஆர்.-15 வகை செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் ஒன்றை வாங்கி, வார இறுதிகளில் சுடுகளத்துக்குப் போய்ப் பழகுகிறான். குழல் முனையில் வந்த உறுப்பைக் கழற்றிவிட்டு வேறு மாட்ட வேண்டும் என்கிறான். கடையில் மசில் பிரேக், காம்பன்சேட்டர், ஃபிளாஷ் ஹைடர் என்று மூன்று பெயர்களைச் சொல்லிக் குழப்புகிறார்களாம். எதை வாங்கச் சொல்லலாம்? கூட வேறென்ன தேவைப்படும்? நீங்கள் படையில் ஆயுதப் பழுதுபார்ப்பில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

பதில்: மூன்றுமே ஒரே வாயுவை வைத்துச் செய்யும் வெவ்வேறு வேலைகள்தான். உங்கள் தம்பியின் துப்பாக்கி சுடும் 5.56 மி.மீ. ரவையில் குண்டின் எடை ஏறத்தாழ மூன்றரை கிராம். அதைத் தள்ளும் மருந்து ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல். குண்டின் எடையில் கிட்டத்தட்டப் பாதி அளவுள்ள அந்த மருந்து வாயுவாக மாறி, குண்டு வெளியேறியதும் அதைவிட வேகமாகக் குழல் வாயிலிருந்து பீறிடுகிறது. தோளில் விழும் உதையில் ஒரு பங்கு அந்தப் பீறிடலால் வருவது. அந்த வாயு எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைத்தான் முனையில் மாட்டும் உறுப்பு தீர்மானிக்கிறது.

மசில் பிரேக்கில் பக்கவாட்டில் அகலமான திறப்புகளும், ஒவ்வொரு திறப்புக்கும் முன்னால் ஒரு தடுப்புச் சுவரும் இருக்கும். முன்னே பாயும் வாயு அந்தச் சுவரில் மோதி, துப்பாக்கியை முன்பக்கமாக இழுப்பதால் பின்னுதைப்பு குறைகிறது. காம்பன்சேட்டரில் திறப்புகள் மேல்பக்கமாக இருக்கும்; வாயு மேலே போகும்போது குழல் முனை கீழே அழுத்தப்பட்டு, அடுத்த குண்டுக்குக் குறி சீக்கிரம் திரும்பி வருகிறது. ஃபிளாஷ் ஹைடருக்கு உதையோடு அதிகம் சம்பந்தமில்லை. முழுதாக எரியாத சூடான வாயு வெளிக்காற்றில் கலந்து ஒரு நெருப்புப் பந்தாகப் பற்றிக்கொள்வதற்கு முன்னால், அதைப் பல கீற்றுகளாகப் பிரித்துக் கலைத்துவிடுவதே அதன் வேலை. எதிரியின் கண்ணிலிருந்து மறைப்பதற்கு என்று பலர் எண்ணுகிறார்கள். அதைவிட, இருட்டில் சுடுபவரின் சொந்தக் கண் கூசாமல் இருப்பதற்கே அது பெரிதும் உதவுகிறது.

உங்கள் தம்பியின் துப்பாக்கியோடு வந்திருப்பது பெரும்பாலும் ஏ-2 என்று அழைக்கப்படும் கூண்டு வடிவ ஃபிளாஷ் ஹைடராக இருக்கும். விலை குறைவு என்பதால் அதை ஆளாளுக்குக் கழற்றி எறிகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அமெரிக்கப் படையின் எம்-16இல் முதலில் இருந்தது முனை திறந்த மூன்று கொம்பு. அது செடி கொடிகளில் சிக்குகிறது என்று முனையை வளையமாக மூடினார்கள். பிறகு ஏ-2இல் அடிப்பக்கத்துப் பிளவையும் அடைத்து, ஐந்து பிளவுகளை மட்டும் விட்டார்கள். அடி மூடியிருப்பதால் படுத்துச் சுடும்போது புழுதி கிளம்புவது குறையும். கொஞ்சம் காம்பன்சேட்டர் வேலையும் நடக்கும். நாங்கள் படையின் பழைய எஸ்.எல்.ஆர். ரைஃபிளைச் சுட்ட காலத்தில், கோடை மாதங்களில் குழல் வாய்க்கு நேர் கீழே ஈரச் சாக்கை விரித்து வைப்போம். சாக்கு காய்ந்துவிட்டால் இரண்டாவது ரவைக்கே இலக்குப் பலகை கண்ணுக்குத் தெரியாது.

இனி தம்பி யோசிக்க வேண்டியது, தன்னை உண்மையில் தொந்தரவு செய்வது எது என்பதைத்தான். 5.56இன் உதை வளர்ந்த ஆளின் தோளுக்கு ஒரு பொருட்டே இல்லை. நேரம் வைத்து நடத்தும் போட்டிகளில் அடுத்தடுத்து வேகமாகச் சுட வேண்டும் என்றால் பிரேக் வாங்கட்டும். டெக்சாஸில் இரவில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகும் வழக்கம் உண்டு. அதற்கென்றால் ஃபிளாஷ் ஹைடரே சரி. கூரையுள்ள சுடுகளத்தில் பக்கத்தில் ஆள் நிற்கச் சுடுபவர் பிரேக் மாட்டினால், பக்கத்து ஆளின் சாபத்தையும் சேர்த்து வாங்குகிறார் என்று பொருள், ஏனென்றால் முன்னே போயிருக்க வேண்டிய சத்தத்தையும் காற்றடியையும் அது பக்கவாட்டிலும் பின்னாலும் திருப்பி அடிக்கிறது. சாதாரணமாகவே இந்தத் துப்பாக்கியின் வெடிச்சத்தம் 160 டெசிபலை ஒட்டி இருக்கும்; 140க்கு மேற்பட்ட திடீர்ச் சத்தம் காதுக்குக் கேடு என்பது கணக்கு. பஞ்சை அடைத்துக்கொண்டு சுட்ட தலைமுறை நாங்கள். வலது தோளில் வைத்துச் சுடுபவருக்கு இடது காதுதான் குழல் வாய்ப் பக்கம் திரும்பியிருக்கும். என் இடது காதில் இன்றும் ராத்திரி ஊரடங்கிய பிறகு ஒரு சீழ்க்கை கேட்டுக்கொண்டே இருக்கிறது.

ஆகவே முதல் செலவு காதுக்கு. உள்ளே அடைப்பான், அதன் மேல் காதுமூடி என்று இரண்டும் சேர்த்துப் போட வேண்டும், பிறகு கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. மூன்றாவதாக நல்ல தோள்வார் ஒன்று, அதைத் தூக்கிச் சுமப்பதற்கு மட்டுமல்லாமல் கையில் சுற்றி இறுக்கிச் சுடவும் பழகினால், குறி நிற்பதில் உள்ள வித்தியாசத்தைத் தம்பியே பார்ப்பான். சிவப்புப் புள்ளியால் குறி காட்டும் ரெட் டாட் போன்ற குறிக்கண்ணாடி வாங்கினால் கண்ணாடியின் விலையோடு, அதைத் துப்பாக்கியில் பிடித்து நிறுத்தும் தளத்தின் தரத்தையும் பார்க்க வேண்டும். தளம் அசைந்தால் எந்தக் கண்ணாடியும் வீண். டார்ச், முன்கைப்பிடி, இருகால் தாங்கி எல்லாம் அலங்காரம். ஒவ்வொன்றும் முன்பக்கத்துப் பாரத்தைக் கூட்டும். அந்தப் பணத்துக்கு ரவை வாங்கிச் சுட்டுப் பழகலாம்.

மாற்றியே தீருவேன் என்றால் மரையைப் பார்க்க வேண்டும். இது உங்களுக்குக் கைவந்த கணக்கு. 5.56 குழல்களில் வழக்கமானது அரை அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 மரை; .308 குழல்களில் ஐந்தெட்டு அங்குலம், 24 மரை, ஏ.கே.எம். என்னும் கலாஷ்னிகோவ் வகையில் 14 மி.மீ. இடது மரை. மேல் கீழ் என்று திசை உள்ள உறுப்பை நேராக நிறுத்துவதற்கு நசுங்கும் வாஷர் ஒன்றைப் போட்டு இறுக்குவார்கள். ஒருமுறை நசுங்கியதை மறுபடி போடக் கூடாது. இறுக்கும்போது அலுமினிய உடலை வைஸில் பிடித்தால் உடல் முறுக்கிக்கொள்ளும். குழலைத்தான் பிடிக்க வேண்டும். மாட்டிய பிறகு துளையின் மையமும் குழலின் மையமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்காமல் சுட்டால், குண்டு பிரேக்கின் சுவரை உரசிக்கொண்டு போகும்.

தம்பி மாநிலம் மாறினால் இன்னொரு விஷயம். கழற்றி மாட்டும் மேகசின் உள்ள, சென்டர்ஃபயர் (அடிப்பக்கத்தின் நடுவில் அடித்து வெடிக்கும்) ரவை சுடும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளில் ஃபிளாஷ் ஹைடர் இருந்தாலே கலிபோர்னியாவில் அது தடைசெய்யப்பட்ட வகைக்குள் போய்விடும். நியூயார்க்கில் பிரேக்கும் காம்பன்சேட்டரும் மரையிட்ட குழலும்கூட அந்தப் பட்டியலில் உள்ளன. இதைப் படிக்கும் மற்ற வீட்டாருக்கும் ஒரு வார்த்தை: வேலை விசாவில் அங்கே இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கியோ ரவையோ வைத்திருப்பதே அந்நாட்டு மத்திய சட்டப்படி குற்றம்.

கேள்வி: அதே கடிதத்தில் இன்னொன்று. படம் பார்த்தேன், ஐயா. என்24 எஃகுக் கம்பியில் ஒரு மதியத்தில் கடைந்துவிடலாம் போலிருக்கிறது. நானே செய்து தம்பிக்குக் கூரியரில் அனுப்பலாமா?

பதில்: கூடாது. உங்கள் கைத்திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. காசிமேட்டு விசைப்படகுக்குக் கிடைக்காத உதிரி பாகத்தைப் பழைய துண்டைப் பார்த்தே கடைந்து கொடுக்கும் பட்டறைகள் உங்கள் பகுதியில் உண்டு. ஆனால் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், இரண்டாம் பிரிவில், துப்பாக்கி என்ற சொல்லுக்குள்ளேயே சத்தத்தையோ வெளிச்சத்தையோ குறைப்பதற்கான துணைக் கருவிகளையும், துப்பாக்கியின் பாகங்களையும் அடக்கியிருக்கிறது. அங்கே அஞ்சலில் வரவழைக்கும் ஒரு ஃபிளாஷ் ஹைடர், இங்கே உங்கள் மேசையில் தனியாகக் கிடந்தாலும் சட்டத்தின் கண்ணுக்குத் துப்பாக்கிதான். உரிமமின்றி அதைத் தயாரிப்பது ஐந்தாம் பிரிவையும், வெளிநாட்டுக்கு அனுப்புவது பத்தாம் பிரிவையும் மீறுவதாகும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, உரிமமில்லாத தயாரிப்புக்குக் குறைந்தது ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. ‘பிரேக்கு சத்தத்தைக் குறைக்காதே, கூட்டத்தானே செய்கிறது’ என்று நீங்கள் வாதாடலாம். அது பாகம் என்ற வரியில் மாட்டிக்கொள்ளும். தம்பி ஊருக்கு வரும்போது பழைய ஏ-2வை நினைவுப்பொருளாகப் பெட்டியில் போட்டுக்கொண்டு வராமலிருக்கவும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: காசிமேட்டில் வசிக்கும் கல்லூரி மாணவி நான். என்.சி.சி.யில் சுட்ட பிறகு பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் ஆசை வந்திருக்கிறது. முனையில் பிரேக் மாட்டினால் குறி நிற்கும் என்கிறாள் தோழி. உண்மையா?

பதில்: பன்னாட்டுச் சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிகளில் ரைஃபிளுக்குப் பிரேக்கும் காம்பன்சேட்டரும் தடை. 4.5 மி.மீ. ஏர் ரைஃபிளில் உதையே இல்லை என்னும்போது அவற்றுக்கு வேலையும் இல்லை. போட்டித் துப்பாக்கிகளின் முனையில் நீங்கள் பார்க்கும் நீண்ட குழாய், முன் குறியைத் தள்ளி வைப்பதற்காகப் பொருத்துவது. அதையும் சேர்த்து, இயங்கு பகுதியின் பின்முனையிலிருந்து 850 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. முனை ஆடுகிறது என்றால் குழலில் சிறு எடைகளைச் சேர்த்துப் பாருங்கள், மொத்தம் 5.5 கிலோவைத் தாண்டாமல். அதற்கும் முன்னால் இடது முழங்கை இடுப்பெலும்பின் மேல் சரியாக உட்காருகிறதா என்று பயிற்சியாளரிடம் காட்டுங்கள்; ஆட்டம் பாதி அங்கிருந்துதான் வரும்.