மன்னித்தாலும் வீட்டுச் சாவியைத் திருப்பித் தர வேண்டியதில்லை: கேள்வி பதில்

கிறிஸ்தவ சபையில் காயப்பட்டு வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவது பல வருடமாக என் பணி. மன்னிப்பைப் பற்றிக் கேள்விகளை அனுப்புங்கள் என்றேன், குவிந்துவிட்டன. முடிந்தவரை சொல்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவிலும் சொல்வேன்: உங்களை இப்போதும் அடிக்கிற, மிரட்டுகிற ஆளோடு ஒரே வீட்டில் இருந்தால் முதலில் பத்திரமான இடத்துக்குப் போங்கள். மன்னிப்பை அப்புறம் பேசலாம்.

அண்ணா, ஏழெழுபது தரம் என்றால் 490 தடவையா?

சகோதரனை எத்தனை தரம் மன்னிப்பது என்று பேதுரு கேட்டதற்கு இயேசு சொன்ன பதில் அது, எண்ணிப் பார்க்கச் சொன்ன கணக்கு இல்லை. மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல்லை 77 என்றும் படிக்கலாம். ஆதியாகமம் 4-ல் காயீன் வழிவந்த லாமேக்கு தனக்காக எழுபத்தேழு பழி என்று வீரம் பேசுகிறான் இல்லையா, பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அங்கேயும் இதே சொல்தான். பழிக்கு அவன் வைத்த எண்ணை இயேசு எடுத்து மன்னிப்புக்கு வைத்தார் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

ஐயா, உடன்பிறந்தவனைப் போல நம்பியவன் ஏமாற்றிவிட்டான். மன்னித்தேன் என்று ஜெபித்துவிட்டேன். ஆனால் அவனைப் பார்த்தாலே நெஞ்சு எரிகிறது. நான் மன்னித்தது பொய்யா?

பொய் இல்லை. மத்தேயு 18-ல் இயேசு மன்னிப்பைக் கடன் கதையாகத்தான் சொல்கிறார். ராஜாவிடம் ஒருவன் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான். ஒரு தாலந்து சுமார் 6,000 நாள் கூலி. மொத்தம் ஆறு கோடி நாள் கூலி, ஒருவன் ஆயுள் முழுக்க உழைத்தாலும் ஓரம்கூடக் கரையாது. அது தள்ளுபடியாகிறது. வெளியே வந்தவன் நூறு வெள்ளிப்பணம் தரவேண்டிய உடன் வேலைக்காரனின் கழுத்தைப் பிடிக்கிறான். பிரசங்கத்தில் இந்த நூறை அற்பக் காசு என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. நூறு என்றால் மூன்று மாத உழைப்பு, ஒரு குடும்பம் பட்டினி கிடக்கிற அளவு. உங்களுக்கு நடந்தது சின்ன விஷயம் என்று இயேசு சொல்லவே இல்லை. கடன் நிஜம் என்பதால்தான் அதைத் தள்ளுபடி செய்ய முடிகிறது.

என் கதையைச் சொல்கிறேன். கூட்டுத் தொழிலில் ஒருவர் என்னை ஏமாற்றினார். ஏறக்குறைய இரண்டு வருடம், ஆராதனையில் 'எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல' என்ற இடம் வந்தால் வாயை மூடிக்கொள்வேன், எல்லாரும் அதைச் சொல்லி முடித்து 'எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்' என்று தொடங்கும்போது சேர்ந்துகொள்வேன். பக்கத்தில் நிற்கிற மனைவிக்குத் தெரியும், ஒரு நாளும் கேட்டதில்லை. ஏமாற்றியவரிடமிருந்து வரவேண்டியதை ஒரு நோட்டில் தேதிவாரியாக எழுதி வைத்திருந்தேன், ராத்திரி எடுத்துக் கூட்டிப் பார்ப்பேன், எத்தனை தடவை கூட்டினாலும் அதே தொகைதான். ஒரு நாள் அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். அடுத்த ஞாயிறு அந்த வரியை முணுமுணுத்தேன். அப்புறம் அவரை வழியில் பார்த்தபோது வயிறு பிசையத்தான் செய்தது, ஆறு மாதம் கழித்தும் பிசைந்தது. பிசைகிற ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கத்தை மறுபடி கிழிக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அவரோடு மறுபடி தொழில் செய்தேனா என்றால், இல்லை.

பிரதர், மன்னித்தால் போலீஸ் கேஸை வாபஸ் வாங்க வேண்டுமா?

வேண்டாம். 1981 மே 13 அன்று போப் இரண்டாம் ஜான் பாலைச் சுட்ட அலி அக்ஜாவை அவர் சீக்கிரமே மன்னித்தார், 1983 டிசம்பரில் சிறைக்கே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். அக்ஜா இத்தாலியச் சிறையிலிருந்து வெளியே வந்தது 2000-ல். 1999-ல் ஒடிசாவில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸையும் இரண்டு மகன்களையும் வண்டியோடு எரித்தார்கள். மனைவி கிளாடிஸ் மன்னித்தேன் என்றார், அங்கேயே தங்கித் தொழுநோயாளிகள் நடுவே வேலையைத் தொடர்ந்தார். வழக்கு தன் வழியில் நடந்து தண்டனையும் ஆனது. பழியை விடுவது உங்கள் கையில் இருக்கிறது, நீதி விசாரணை உங்கள் கையில் இல்லை. குழந்தைக்குத் தீங்கு நடந்திருந்தால், செய்தவர் சபையில் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், அன்றைக்கே புகார் கொடுங்கள்.

மன்னித்தால் மறந்துவிட வேண்டும்தானே?

எரேமியா 31-ல் ஆண்டவர் 'நினையாதிருப்பேன்' என்கிறார், 'மறந்துபோவேன்' என்று சொல்லவில்லை. எடுத்து முகத்தில் எறியமாட்டேன் என்பதுதான் அது.

தேவன் நம் பாவங்களை மறக்கிறாரே, நாம் மட்டும் ஏன் ஞாபகம் வைக்க வேண்டும்?

மேலே இருக்கிறது.

மறக்க முடியவில்லை என்றால் மன்னிக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. மூன்றாவது தடவை இந்தக் கேள்வி. இனி இதற்குப் பதில் எழுதமாட்டேன்.

சொத்துப் பத்திரத்தில் அண்ணன் என் கையெழுத்தைப் போட்டுவிட்டார், என்ன செய்யலாம்?

வக்கீலைப் பாருங்கள், நாள் கடத்தாதீர்கள்.

ஐயா, நீங்கள் சொல்வதை ஏற்கமாட்டேன். லூக்கா 17:3-ல் 'அவன் மனஸ்தாபப்பட்டால் மன்னிப்பாயாக' என்று நிபந்தனை இருக்கிறது. மனந்திரும்பாதவனை ஏன் மன்னிக்க வேண்டும்?

நல்ல கேள்வி. ஆனால் மாற்கு 11:25-ல் ஜெபிக்க நிற்கும்போதே மன்னிக்கச் சொல்கிறார். எதிராளி அங்கே இல்லவே இல்லை, அவன் மன்னிப்புக் கேட்டானா என்ற பேச்சும் இல்லை.

ஐயா, சிலுவையில்கூட இயேசு 'பிதாவே, இவர்களுக்கு மன்னியும்' என்று வேண்டினாரே தவிர 'நான் மன்னித்தேன்' என்று சொல்லவில்லை. கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானும் அப்படித்தான்.

இதை இத்தனை நாள் இப்படி நான் யோசித்ததில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படி வேண்டுகிற வாயில் பழி எங்கே மிச்சமிருக்கிறது? நான் இரண்டாகப் பிரிக்கிறேன். பழியை விடுவது என் பக்கத்து வேலை, அவன் வந்தாலும் வராவிட்டாலும். உறவு திரும்ப ஒட்டுவதற்கு அவன் மனந்திரும்ப வேண்டும், லூக்கா 17 பேசுவது அதைத்தான்.

அப்படியானால் ஐயா, முதலாவதை மன்னிப்பு என்று சொல்லாதீர்கள். அந்தச் சொல்லை வைத்துத்தான் எங்கள் வாயை அடைத்தார்கள்.

அடைத்தார்கள் என்பது உண்மை. நானும் ஆரம்ப வருடங்களில் அழுதுகொண்டு வந்த ஒரு பெண்ணிடம் அவசரப்பட்டு 'மன்னித்துவிடும்மா' என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவர் மறுபடி வரவில்லை. அந்தச் சொல்லைக் கைவிட எனக்கு மனமில்லை, ஆனால் காயப்பட்டவரிடம் அதை முதல் வார்த்தையாகச் சொல்வதை விட்டுவிட்டேன்.

அண்ணா, கணவர் அடிப்பார், காலையில் காலில் விழுவார். பெரியவர்கள் 'மன்னித்துச் சேர்ந்து வாழு' என்கிறார்கள்.

சகோதரி, முதலில் பத்திரம். இரண்டு தீமோத்தேயு 4-ஐ வாசியுங்கள். தன்னைக் கைவிட்டவர்கள்மேல் குற்றம் சுமராதிருப்பதாக என்று சொல்கிற அதே பவுல், அதே அதிகாரத்தில், கன்னானாகிய (செம்பு வேலை செய்கிற) அலெக்சந்தர் தனக்கு வெகு தீமை செய்தான், நீயும் அவனிடம் எச்சரிக்கையாயிரு என்று பெயர் சொல்லி எழுதுகிறார். காலில் விழுவது மனந்திரும்புதல் ஆகிவிடாது. அடி நின்று மாதங்கள் ஓடட்டும், நீங்கள் தூரத்தில் இருந்தே பாருங்கள்.

அப்பா இறந்து நான்கு வருடம். கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை. யாரிடம் போய் மன்னித்தேன் என்று சொல்வது?

ஆண்டவரிடம் சொல்லுங்கள், ஆனால் மொத்தமாகச் சொல்லாதீர்கள். அவர் செய்ததை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள், அந்த நாளில் என்ன உடுத்தியிருந்தீர்கள் என்பதுவரை. கோபம் வந்தால் வரட்டும், வேதத்தில் சங்கீதங்களை எழுதியவனும் கத்தியிருக்கிறான். ஒரே இரவில் முடியாவிட்டால் அடுத்த நாள் விட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள்.